புது சிப் வந்ததும் இசை மென்பொருள் உடனே மாறணுமா? மூலனூர் வீட்டு ஸ்டூடியோ வரை வந்து நிற்கும் கேள்வி

தாராபுரத்தில் இருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிறது மூலனூர். பெயரைச் சொன்னாலே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் பருத்தி ஏலமும், முருங்கையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் திருப்பூர் மாவட்டத்தின் இதுபோன்ற பேரூராட்சிகளில் இப்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. வீட்டில் ஓர் அறை, சுவரில் ஒட்டிய ஃபோம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு கீபோர்டு. வள்ளி கும்மிப் பாட்டு, கோயில் நோம்பிப் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை, தேர்தல் வந்தால் பிரசாரப் பாட்டு என எல்லாமே அந்த அறையிலேயே தயாராகிவிடுகிறது.

அப்படி ஓர் அறையில், நாளைக்குக் கொடுக்க வேண்டிய பாட்டோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளை அப்டேட் செய்கிறார். உடனே ஒரு செய்தி: 'இந்த வசதி புதிய சிப் உள்ள கணினியில் மட்டுமே இயங்கும்.' அல்லது அதைவிட மோசமாக, நேற்று வரை வேலை செய்த ரிவெர்ப் பிளக்-இன் இன்று பட்டியலிலேயே இல்லை. எங்கோ அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு மென்பொருள் நிறுவனம் எடுத்த முடிவு, கொங்கு நாட்டில் ஒருவரின் ஒரு நாள் வருமானத்தில் கை வைத்துவிட்டது.

புதிய பிராசஸர் ஒன்று சந்தைக்கு வந்தால், இசை மென்பொருள் தயாரிப்பவர்கள் முதல் ஆளாக அதற்கு மாற வேண்டுமா? இல்லை, மற்றவர்கள் சோதித்துப் பார்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? 40 வருடங்களாக இந்தத் துறை கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. 2025-ல் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் எடுத்த முடிவுகளால் இப்போது மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது.

இசைக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

கணக்கு எழுதும் மென்பொருள் அரை நொடி யோசித்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. வீடியோ எடிட்டிங்கில் கூட 'ரெண்டர் ஆகட்டும்' என்று டீ குடிக்கப் போகலாம். இசையில் அது முடியாது.

ஒலி கணினிக்குள் போகும்போது நொடிக்கு 44,100 துண்டுகளாக வெட்டப்படுகிறது. இந்தத் துண்டுகளை மென்பொருள் சின்னச் சின்னக் கட்டுகளாக வாங்கி, வேலை செய்து, திருப்பிக் கொடுக்கும். ஒரு கட்டுக்கு 128 துண்டுகள் என்று வைத்தால், அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 2.9 மில்லிவினாடி. அதாவது ஒரு நொடியில் ஏறக்குறைய 345 பங்கில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் எல்லா டிராக்கும், எல்லா எஃபெக்டும் கணக்கிட்டு முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால்? 'டப்' என்று ஒரு வெடிப்புச் சத்தம். ரெக்கார்டிங் நடக்கும்போது அது வந்தால் அந்த டேக் போச்சு.

சரி, கட்டைப் பெரிதாக்கிவிட்டால்? 1,024 துண்டுகள் என்று வைத்தால் 23 மில்லிவினாடி கிடைக்கும், பிராசஸருக்கு நிம்மதி. ஆனால் பாடுபவரின் ஹெட்ஃபோனில் அவர் குரல் அவருக்கே தாமதமாகக் கேட்கும். போகிற வழி, வருகிற வழி இரண்டிலும் தாமதம் சேரும். கும்மிக்குத் தாளம் போடுபவரை இப்படி ரெக்கார்ட் செய்தால் இரண்டாவது வரியிலேயே தடுமாறிவிடுவார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் லைனைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓவர்லாக் முடிந்தால்தான் ஃபிளாட்லாக், அது முடிந்தால்தான் செக்கிங். நடுவில் ஒரு மெஷின் மெதுவாக ஓடினால், பக்கத்தில் பத்து மெஷின் சும்மா இருந்தாலும் பீஸ் வெளியே வராது. ஒரு குரல் டிராக்கும் அப்படித்தான். இரைச்சல் நீக்கம், ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். இந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. 16 கோர், 24 கோர் என்று விளம்பரம் செய்யும் பிராசஸரில் கூட அந்த ஒரு வரிசையின் வேகத்தை முடிவு செய்வது ஒரே ஒரு கோரின் வேகம்தான். அதனால்தான் ஒற்றைக் கோர் வேகத்தில் பெரிய பாய்ச்சல் காட்டும் சிப் வரும்போதெல்லாம் இசைத் துறை மற்றவர்களைவிடப் பரபரப்பாகிறது. அந்த ஆசையில் தப்பு இல்லை.

கோடம்பாக்கம் பார்த்த மாற்றங்கள்

இந்த ஆசை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கே.பாலசந்தர் இயக்கி 1986-ல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். இந்தியாவில் கணினி உதவியோடு இசையமைக்கப்பட்ட முன்னோடிப் படமாக அது குறிப்பிடப்படுகிறது. அடுத்து ஏ.ஆர்.ரஹ்மான். வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஸ்டூடியோவில் கீபோர்டும் சாம்ப்ளரும் கணினியுமாக அவர் கட்டிய ஒலி, 1992-ல் 'ரோஜா'வோடு ஊர் முழுக்கப் போனது. ஐம்பது பேர் உட்காரும் பெரிய கூடம் இல்லாமலும் சினிமாப் பாட்டு செய்யலாம் என்பதை அது காட்டியது. இன்றைக்கு மூலனூரில் ஒருவர் ஓர் அறைக்குள் பாட்டு செய்கிறார் என்றால் அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

ரஹ்மான் நீண்ட காலமாகப் பயன்படுத்தும் மென்பொருள் லாஜிக். அந்த மென்பொருளுக்கே ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியின் எமாஜிக் நிறுவனம் அதை மேக், விண்டோஸ் இரண்டுக்கும் விற்றுக்கொண்டிருந்தது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டில் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. விண்டோஸில் லாஜிக் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இரண்டே வழி. மேக் வாங்கணும், இல்லை வேறு மென்பொருளைப் புதிதாகக் கற்றுக்கொள்ளணும். மென்பொருளின் தலையெழுத்து ஒரு வன்பொருள் கம்பெனியோடு கட்டப்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் கிடைக்காது.

சீக்கிரம் பாய்ந்தவர்கள் என்ன ஆனார்கள்?

1985-ல் அடாரி எஸ்டி என்ற கணினி வந்தது. மோட்டோரோலா 68000 பிராசஸர், அதைவிட முக்கியமாக கீபோர்டுகளை நேரடியாக இணைக்கும் மிடி துளைகள் கணினியிலேயே இருந்தன. ஹாம்பர்க்கின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் இதை விட்டுவிடவில்லை. முதலில் ப்ரோ-24, பிறகு 1989-ல் கியூபேஸ். ஐரோப்பாவில் ஸ்டூடியோ என்றால் அடாரி என்கிற நிலை உருவானது. முதலில் பாய்ந்ததற்கு முழுப் பலன்.

அதே நிறுவனம் மறுபடியும் பாய்ந்தது. 1992-ல் அடாரி ஃபால்கன் வந்தது. சாதாரண பிராசஸரோடு, ஒலிக் கணக்குக்கு என்றே மோட்டோரோலா 56001 என்ற தனி சிப் அதில் இருந்தது. வீட்டுக் கணினி விலையில் அப்படி ஒரு சிப் அன்றைக்கு அபூர்வம். ஸ்டெயின்பெர்க் அதற்கென்றே 'கியூபேஸ் ஆடியோ ஃபால்கன்' செய்தது. நல்ல மென்பொருள்தான். ஆனால் அடாரி, வீடியோ கேம் பக்கம் முழுக் கவனத்தைத் திருப்ப, ஃபால்கனைச் சீக்கிரமே கைவிட்டது. இசைக் கலைஞர்களிடம் அதற்கு இருந்த மவுசைப் பார்த்து, சி-லேப் என்ற இசை நிறுவனம் தயாரிப்பு உரிமையையே வாங்கிச் சில காலம் அந்தக் கணினியைச் செய்து விற்றது. அதுவும் நீடிக்கவில்லை. சிப்பில் ஒரு குறையும் இல்லை. அதைத் தயாரித்தவர் கடையைக் கட்டிவிட்டார், அவ்வளவுதான்.

அடி வாங்கிய ஸ்டெயின்பெர்க் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 1996-ல் மறுபடியும் ஒரு பாய்ச்சல். இந்த முறை தனி ஒலிச் சிப்பை நம்பவில்லை. ஆப்பிளின் பவர் மேக்கில் இருந்த பவர்பிசி என்ற பொதுவான பிராசஸருக்கே ஈக்யூ, ரிவெர்ப் எல்லாவற்றையும் நேரடியாகக் கணக்கிடும் சக்தி வந்துவிட்டது என்று முடிவு செய்து 'கியூபேஸ் விஎஸ்டி'யைக் கொண்டுவந்தது. பல லட்சம் ரூபாய் உபகரணம் செய்த வேலையை மென்பொருள் செய்தது. இன்று உலகம் முழுக்க பிளக்-இன் என்றாலே விஎஸ்டி என்று சொல்கிறார்கள் என்றால் காரணம் அந்த முடிவுதான்.

ஒரே நிறுவனம், மூன்று பாய்ச்சல், இரண்டு வெற்றி, ஒரு சறுக்கல். வித்தியாசம் என்ன? வெற்றி பெற்ற இரண்டு முறையும் அந்தக் கணினியை வாங்க ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். ஃபால்கனில் சிப் மட்டும்தான் இருந்தது.

இன்னொரு கதை கொஞ்சம் வருத்தமானது. அமெரிக்காவின் கேக்வாக் நிறுவனம் 2005-லேயே தன் சோனார் மென்பொருளை 64-பிட் பிராசஸர்களுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தது. ஸ்டூடியோக்களின் ராஜா என்று சொல்லப்படும் ப்ரோ டூல்ஸ் 64-பிட்டுக்கு வந்தது 2013-ல், பதினோராம் பதிப்பில்தான். எட்டு வருட முன்னிலை! அதனால் கேக்வாக்குக்கு என்ன கிடைத்தது? பெரிதாக ஒன்றும் இல்லை. மற்ற நிறுவனங்களின் பிளக்-இன்கள் எல்லாம் 32-பிட்டாகவே இருந்தன. அவற்றை ஓட்ட நடுவில் ஒரு பாலம் கட்ட வேண்டியிருந்தது. வண்டி மட்டும் வேகமானது, ரோடு அப்படியேதான் கிடந்தது. 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன், கேக்வாக் தயாரிப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கிக் காப்பாற்றியது. தாமதமாக வந்த ப்ரோ டூல்ஸ் அந்த எட்டு வருடத்திலும் பெரிய ஸ்டூடியோக்களில் தன் இடத்தை இழக்கவில்லை.

எம்1: எல்லோரையும் ஒரே நாளில் தேர்வெழுத வைத்த சிப்

2020 ஜூன் 22-ல் ஆப்பிள் ஓர் அறிவிப்பு செய்தது. இனி மேக் கணினிகளில் இன்டெல் இல்லை, சொந்த சிப்தான். மென்பொருள் நிறுவனங்கள் முன்கூட்டியே தயாராக 500 டாலருக்கு ஒரு சோதனைக் கணினி கொடுத்தது. வாங்கவில்லை, வாடகைதான். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதிலும் இருந்தது ஐபேடின் ஏ12இசட் சிப், கடைக்கு வரப்போகும் எம்1 இல்லை. நவம்பரில் எம்1 வந்தபோது இந்தியாவில் மேக் மினியின் விலை 64,900 ரூபாயில் தொடங்கியது.

வேகம் உண்மையிலேயே பெரிதாக இருந்தது. ஆனால் யார் எப்போது தயாரானார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். ஆப்பிளின் சொந்த மென்பொருளான லாஜிக், சிப் வந்த அதே நவம்பரில் தயார். வீட்டுக்காரருக்குச் சாவி முதலில் கிடைப்பது இயல்புதானே. ஏபில்டன் லைவ் 2022 பிப்ரவரியில் வந்தது. கியூபேஸ் 2022 மார்ச்சில். ப்ரோ டூல்ஸ் அதற்கும் பிறகு. உலகின் பெரிய நிறுவனங்களுக்கே ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அதுவரை? 'ரொசெட்டா 2' என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாடு கை கொடுத்தது. இன்டெல்லுக்கு எழுதிய மென்பொருளைப் புதிய சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும். ஆச்சரியமாக நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, ஆடியோ இன்டர்ஃபேஸ்களின் டிரைவர்கள். இயங்குதளத்தின் ஆழத்தில் உட்காரும் டிரைவர்களை ரொசெட்டா மொழிபெயர்க்காது. இன்டர்ஃபேஸ் கம்பெனி புதிய டிரைவர் எழுதவில்லை என்றால், 30,000 ரூபாய் பெட்டி வெறும் பெட்டிதான். இரண்டு, கலப்பு. புதிய சிப்புக்கு நேரடியாக எழுதப்பட்ட மென்பொருளுக்குள் பழைய இன்டெல் பிளக்-இன் நேரடியாக ஏறாது. லாஜிக் இதற்குத் தனி ஏற்பாடு செய்தது. பல மென்பொருள்களில், ஒரே ஒரு பழைய பிளக்-இன் வேண்டும் என்றால் மொத்த மென்பொருளையும் பழைய முறையில், கூடுதல் சுமையோடு ஓட்ட வேண்டியிருந்தது.

ஆகவே 'மாறியாச்சு' என்று ஒரு நிறுவனம் மட்டும் சொன்னால் போதாது. மென்பொருள், பிளக்-இன், டிரைவர், லைசென்ஸ் பூட்டு என நான்கு பேரும் சேர்ந்து மாற வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும் நாள்தான் பயனாளிக்கு முதல் நாள்.

புது சிப்பின் விநோத குணங்கள்

பிராசஸர் மாறும்போது வேகம் மட்டும் மாறுவதில்லை, குணமும் மாறும். இதற்குப் பிரபலமான உதாரணம் பெண்டியம் 4. ரிவெர்ப் ஓய்ந்து, ஒலி கிட்டத்தட்ட மௌனத்தைத் தொடும்போது, கணக்கில் வரும் எண்கள் மிக மிகச் சிறியதாகிவிடும். அந்தச் சிற்றெண்களைக் கையாள பெண்டியம் 4 திணறியது. விளைவு, பாட்டு சத்தமாக ஓடும்போது நிம்மதியாக இருக்கும் கணினி, பாட்டு முடிந்து அமைதியானதும் மூச்சு வாங்கும். ஒன்றுமே ஒலிக்காதபோது பிராசஸர் மீட்டர் உச்சத்தில்! இதைக் கண்டுபிடித்து, அந்த எண்களைப் பூஜ்யமாக்கிவிடும் வழிகளை பிளக்-இன் எழுதுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த விளம்பரத் தாளிலும் இது இருக்காது. ஆயிரக்கணக்கான பேர் கையில் போய் ஓடினால்தான் வெளியே வரும்.

2021 நவம்பரில் வந்த இன்டெல்லின் 12-ம் தலைமுறை இன்னொரு பாடம். அதில் வேகமான பெரிய கோர்களும், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சின்னக் கோர்களும் கலந்து இருந்தன. எந்த வேலையை எந்தக் கோரிடம் கொடுப்பது என்பதை இயங்குதளம் முடிவு செய்யும். அவசரமான ஒலி வேலை தவறிப்போய் சின்னக் கோரிடம் சிக்கினால் மறுபடியும் அந்த 'டப்' சத்தம்தான். இதே சிப்பில் ஏவிஎக்ஸ்-512 என்ற அதிவேகக் கணக்கு வசதி பெரிய கோர்களில் மட்டும் இருந்தது, சின்னக் கோர்களில் இல்லை. சில மதர்போர்டுகளில் சின்னக் கோர்களை அணைத்துவிட்டு அதைப் பயன்படுத்த வழி இருந்தது. பிறகு இன்டெல் அதையும் அடைத்துவிட்டது. அந்த வசதியை நம்பி மட்டும் யாராவது பிளக்-இன் எழுதியிருந்தால், அடுத்த வருடம் வாங்கிய புதிய கணினியில் அது ஓடாது. புதுசு வாங்கினால் பழைய வசதி போய்விடும் என்பது விசித்திரம்தான், ஆனால் நடந்தது.

ஆதரிப்பது வேறு, கட்டாயமாக்குவது வேறு

இந்த விவாதத்தில் அடிக்கடி இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. புதிய சிப்பிலும் ஓடும்படி மென்பொருளை மாற்றுவது ஒன்று. புதிய சிப் இருந்தால்தான் ஓடும் என்று சொல்வது முற்றிலும் வேறு. முதலாவதில் தாமதிக்கவே கூடாது. இரண்டாவதில் அவசரப்படவே கூடாது. நிறுவனங்கள் பல நேரம் இதைத் தலைகீழாகச் செய்வதுதான் பயனாளிகளின் கோபத்துக்குக் காரணம்.

2024 மே மாதம் வந்த லாஜிக் ப்ரோ 11-ஐ எடுத்துக்கொள்ளலாம். முழுப் பாட்டைக் கொடுத்தால் குரல், டிரம்ஸ், பாஸ், மற்றவை எனப் பிரித்துத் தரும் 'ஸ்டெம் ஸ்ப்ளிட்டர்' அதில் உண்டு. பழைய கேசட்டில் மட்டும் மிச்சமிருக்கும் கும்மிப் பாட்டில் இருந்து பாடியவரின் குரலைத் தனியாக எடுக்க முடிந்தால், அது எங்கள் ஊருக்கும் வேண்டும் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அது ஆப்பிள் சிப்பில் மட்டும்தான் இயங்கும். இன்டெல் மேக் வைத்திருந்தவர்களுக்கு லாஜிக் 11 கிடைத்தது, இந்த வசதி கிடைக்கவில்லை. ஓரளவு நியாயமான நடுவழி என்று இதைச் சொல்லலாம். பழைய கணினியை வீட்டை விட்டுத் துரத்தவில்லை, புதிய பலகாரம் மட்டும் இலையில் விழவில்லை.

மறுபக்கம், 2019 டிசம்பரில் 5,999 டாலர் ஆரம்ப விலை கொடுத்து இன்டெல் மேக் ப்ரோ வாங்கிய ஸ்டூடியோக்களின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். ஆறே மாதத்தில் சிப் மாற்ற அறிவிப்பு வந்தது. கடந்த 2025 ஜூனில், இன்டெல் கணினிகளுக்குக் கிடைக்கும் கடைசி மேக் இயங்குதளம் 'டஹோ'தான் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. ரொசெட்டாவும் மேக்ஓஎஸ் 27 வரை மட்டுமே பொதுப் பயன்பாட்டுக்கு இருக்கும். அதற்குப் பிறகு, இன்னும் மாறாத இன்டெல் பிளக்-இன்களின் கதை முடிந்தது. 2020-ல் 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட சிறு நிறுவனங்களுக்கு இனி தள்ளிப்போட நாள் இல்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது.

போனில் ஓடும் சுருதிப் பெட்டிக்கு இந்தத் தலைவலி உண்டா?

பெரும்பாலும் இல்லை. பெங்களூருவின் ராடெல் போன்ற நிறுவனங்கள் செய்த மின்னணு தம்பூராவையும் சுருதிப் பெட்டியையும் கச்சேரி மேடைகளில் பார்த்திருப்போம். இப்போது அதே வேலையை போன் ஆப் செய்கிறது. சுருதி ஒரே சீராக ஒலித்தால் போதும். தொட்ட பிறகு 100 மில்லிவினாடி தாமதமாகத் தொடங்கினாலும் பாடகருக்கு நஷ்டம் இல்லை. எம்.சுப்ரமணியன் உருவாக்கிய 'காயகா' போன்ற, கர்நாடக இசையை ஸ்வரமாக எழுதினால் ஒலித்துக் காட்டும் மென்பொருளுக்கும் நேற்று வந்த சிப் தேவைப்படாது. இவர்கள் பழைய போன், பழைய கணினியில் ஓடுவதில்தான் கவனம் வைக்க வேண்டும். பாட்டு கற்கும் பிள்ளையின் கையில் இருப்பது அப்பாவின் நான்கு வருடப் பழைய ஆண்ட்ராய்டாகத்தான் இருக்கும்.

ஆனால் போனையே மிருதங்கமாகத் தட்டும் ஆப், அல்லது பாடும்போதே குரலைத் திருத்திக் காதில் கேட்க வைக்கும் ஆப் என்றால் கதை மாறும். ஆண்ட்ராய்டில் தாமதம் அதிகம் என்பதால் இசை ஆப் செய்பவர்கள் பல வருடங்கள் ஐபோனையே முதலில் தேர்ந்தெடுத்தார்கள். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ல் 'ஏஆடியோ' வந்த பிறகும், 2018-ல் கூகுள் 'ஓபோ' என்ற இலவசக் கருவியைக் கொடுத்த பிறகும்தான் நிலைமை மெல்ல மாறியது. அங்கே தடையாக இருந்தது பிராசஸரின் வேகமே இல்லை, ஒலி போகும் பாதைதான்.

சின்ன கம்பெனி கணக்கு

பெரிய நிறுவனத்துக்கு இன்னொரு சிப் என்றால் இன்னொரு குழு. இரண்டு பேர் நடத்தும் பிளக்-இன் கம்பெனிக்கு அது அடுத்த மூன்று மாதத் தூக்கம். இன்டெல் மேக், ஆப்பிள் சிப் மேக், சாதாரண விண்டோஸ் என மூன்று வகைக் கணினி. ஒவ்வொன்றிலும் ஐந்து முக்கிய இசை மென்பொருளுக்குள் போட்டுச் சோதித்தால் 15 சோதனை. விண்டோஸில் புதிய ஆர்ம் சிப்பையும் சேர்த்தால் 20. இது ஒரே ஒரு பிளக்-இன்னுக்கு, ஒரே ஒரு அப்டேட்டுக்கு. ஜூஸ் போன்ற பொதுவான கட்டமைப்புகளைப் பயன்படுத்தினால் நிரல் எழுதும் வேலை குறையும். காதை வைத்துக் கேட்கும் வேலை குறையாது.

காசு எங்கிருந்து வரும் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டுச் சிறு ஸ்டூடியோக்களில் பரவலாக இருக்கும் எஃப்எல் ஸ்டூடியோ, ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க இலவச அப்டேட் என்ற முறையில் விற்கப்படுகிறது. புதிய சிப்புக்கு மாற்றும் செலவைப் பழைய வாடிக்கையாளரிடம் கேட்க முடியாது, புதிதாக வாங்குபவர்களிடம் இருந்துதான் எடுக்க வேண்டும். வேறு பல நிறுவனங்கள் 'அப்கிரேடு கட்டணம்' வாங்குகின்றன. சிப் மாறியதற்கு நாங்கள் ஏன் பணம் கட்டணும் என்று பயனாளி கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று மாத வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று அந்த இரண்டு பேர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்து வரிசையில் ஸ்னாப்டிராகன்

2024 ஜூனில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு விண்டோஸ் லேப்டாப்கள் வந்தன. பேட்டரி நீண்ட நேரம் நிற்கிறது, சூடு குறைவு. பழைய மென்பொருளை மொழிபெயர்த்து ஓட்டும் வசதி விண்டோஸிலும் உண்டு. ஆனால் எம்1 காலத்துப் பிரச்சினை இங்கேயும் அப்படியே இருக்கிறது. இன்டர்ஃபேஸ் டிரைவர் ஆர்ம் சிப்புக்கு என்று தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு அதில் நடக்காது.

ஆப்பிளுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆப்பிள் மாறும்போது பழைய பாலத்தை இடித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மென்பொருள் நிறுவனங்கள் வேறு வழியின்றி மாறின. விண்டோஸில் இன்டெல்லும் ஏஎம்டியும் தொடர்ந்து இருக்கும் என்பதால் அந்த நெருக்கடி இல்லை. ஆகவே இங்கே முன்கூட்டியே மாறும் நிறுவனம் ஃபால்கன் அனுபவத்தையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டெயின்பெர்க் இதிலும் முன்வரிசையில் நிற்கிறது, விண்டோஸ் ஆர்முக்கு கியூபேஸைக் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருக்கிறது. பழக்கம் விடுமா என்ன!

சரி, ஸ்டூடியோ வைத்திருப்பவர் என்ன பார்க்க வேண்டும்?

மேக் என்றால், 'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்து 'கைண்ட்' என்ற பத்தியைப் பார்த்தால், ஓடும் மென்பொருள் 'ஆப்பிள்' முறையில் ஓடுகிறதா, 'இன்டெல்' முறையில் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். இன்டெல் என்று காட்டும் மென்பொருள்களின் நிறுவனம் புதிய பதிப்பு கொடுத்திருக்கிறதா என்று இப்போதே தேடிப் பார்க்கலாம். விண்டோஸ் என்றால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதற்கு முந்தைய கணினியை ரெக்கார்டிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்பவர்கள் அதை இணையத்தில் இருந்து துண்டித்துவிடுவது பாதுகாப்பு.

ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது இயங்குதளத்தையோ மென்பொருளையோ அப்டேட் செய்யக் கூடாது. ஆடியோ இன்டர்ஃபேஸ் கம்பெனியின் தளத்தில் அந்த இயங்குதளத்தின் பெயரும் சிப்பின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டனைத் தொட வேண்டும்.

பழைய பாட்டுகளின் விஷயம்தான் அவசரமானது. ஐந்து வருடம் முன்பு பாடிப்போன ஒரு பெரியவரின் கும்மிப் பாட்டு, அன்றைய மென்பொருளில், அன்றைய பிளக்-இன்களோடு ஒரு புராஜெக்ட் ஃபைலாகத்தான் கிடக்கும். பழைய கணினி ஓடும் வரைதான் அந்த ஃபைல் அதே மாதிரி திறக்கும். அதை விற்பதற்கோ மாற்றுவதற்கோ முன்னால் ஒவ்வொரு டிராக்கையும், எஃபெக்ட் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று என, ஆரம்பப் புள்ளி ஒன்றாக இருக்கும்படி வேவ் ஃபைல்களாக எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்து வைக்க வேண்டும். எந்த சிப் வந்தாலும் வேவ் ஃபைல் திறக்கும்.